டாரன்டுலா ஸ்டார்ட்டர் கிட்: சிலந்தி சரி, பெட்டிதான் சரியில்லை

ஆன்லைனில் 4,250 ரூபாய்க்கு வாங்கிய இந்த கிட்டில் எட்டுப் பொருட்கள் வந்தன. ஒன்றரை ஆண்டு கழித்து, சிலந்திக்காக இன்றைக்கும் நான் கையில் எடுப்பது ஒன்றே ஒன்றைத்தான். பத்து அங்குல நீள எவர்சில்வர் இடுக்கி. அதற்கு மட்டும் முழு மதிப்பெண். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வயதில் உனக்கு எதற்கு டாரன்டுலா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. எனக்கு 63 வயது. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். சிலந்தி என்னுடையது அல்ல, அண்ணன் மகனுடையது. துபாயில் வேலை கிடைத்ததும், "அயித்தை, ரெண்டே வருஷம். பூனை அளவுக்குக்கூடத் தொந்தரவு தராது" என்று கொண்டுவந்து விட்டான். சென்னையிலிருந்து காரில், காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். டப்பாவிலேயே வைத்திருக்க முடியாதே என்று அவனே போனில் தேடி, "ஆரம்பநிலை வளர்ப்பாளர்களுக்கு முழுமையான தொகுப்பு" என்று போட்டிருந்ததை ஆர்டர் செய்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். பணம் நான் கொடுத்தேன். ஆகவே விமர்சனம் எழுதும் உரிமையும் எனக்குத்தான்.

சிலந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கிட்டின் லட்சணம் புரியும். இது சுருள்முடி டாரன்டுலா. ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டாரிகா பக்கத்துத் தரைச் சிலந்தி. மரம் ஏறும் வகை அல்ல. மண்ணில் குழி பறித்தோ, இருக்கிற பொந்தில் புகுந்தோ வாழ்வது. 1980-இல் முதலில் விவரிக்கப்பட்டபோது பிராக்கிபெல்மா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பிரித்து ட்லில்டோகாட்ல் என்று புதிய பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பழுப்பு உடம்பு முழுக்கப் பொன்னிறத்தில் சுருண்ட நீள மயிர். காலை விரித்தால் 13 சென்டிமீட்டர். அண்ணன் மகன் அதற்கு "சுருட்டை" என்று பெயர் வைத்திருந்தான். சென்னையில் அந்தப் பெயரால் ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே ஆத்தா தேவகோட்டையிலிருக்கும் சித்தியிடம் போனில், "ரெண்டாம் கட்டு அறையிலே சுருட்டை கெடக்கு, இவ அதுக்கு இரை போடுறா" என்று சொல்லிவைக்க, சித்தி சுருட்டை விரியன் என்று எண்ணி, அன்றைக்கே பாம்பு பிடிக்கிறவரோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். வந்தவருக்குக் காபியும் மணகோலமும் கொடுத்து அனுப்பினோம். போகும்போது அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "விரியனே தேவலை ஆச்சி" என்றார்.

வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள். இந்த வகை, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கை மாறினாலும், குஞ்சு பொரித்தாலும், செத்தே போனாலும் தெரிவிக்க வேண்டும். சென்னையில் பதிந்திருந்ததை இங்கே மாற்றி எழுதிய பிறகுதான் நான் பெட்டிக்கு இடமே ஒதுக்கினேன். கிட் விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. "காட்டுல பிடிச்சுத் தர்றேன், பேப்பர் எல்லாம் வேணாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் காட்டு மரங்களில் இருக்கும் பொசிலோதீரியா என்ற டாரன்டுலா வகைகள் மின்னல் வேகம், கடித்தாலும் கடுமை. அவையும் 2019 முதல் அதே சைட்ஸ் பட்டியலில் இருக்கின்றன.

சரி, இனி கிட்.

பெட்டி: அக்ரிலிக். அடி 20-க்கு 20, உயரம் 40 சென்டிமீட்டர். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கோயில் உண்டியல் மாதிரி. ஆனால் தரைச் சிலந்திக்கு உயரம்தான் எமன். இது கனத்த வயிறுள்ள பிராணி. வயிற்றின் தோல் மெல்லியது. கண்ணாடியில் ஏறத் தெரியும், கனத்தால் நழுவும். ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து இரத்தம் போய்விடும். சிலந்தியின் கால் நீள்வதே அந்த இரத்தத்தின் அழுத்தத்தால்தான். மடக்கத் தசை உண்டு, முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. இரத்தம் போனால் எட்டுக் காலும் உள்ளே சுருண்டுவிடும், பிறகு எழாது. மரச் சிலந்திக்கு வேண்டிய பெட்டியைத் தரைச் சிலந்திக்கு என்று விற்றிருக்கிறார்கள். மூடியில் வேறு இரும்பு வலை. அதில் நகம் மாட்டித் தொங்கினால் காலே போகும்.

ஹீட் மேட்: இதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் உதவிக்கு வரும் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். செட்டிநாட்டுக்கு ஹீட் மேட்! சித்திரையில் வெளியே 39 டிகிரி அடிக்கிற ஊரில் சிலந்திக்குக் கணப்பு. அது மட்டுமல்ல, பெட்டிக்கு அடியில் ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருந்தார்கள். காட்டில் இந்தச் சிலந்தி வெயிலுக்குப் பயந்து கீழேதான் தோண்டும். கீழே போகப் போகச் சூடு என்றால் எங்கே போகும்? எங்கள் வீட்டுச் சுவர் கையளவுக்கு மேல் கனம், சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஆத்தங்குடிக் கல். இரண்டாம் கட்டு உள்ளறையில் வைத்த வெப்பமானி வெயில் உச்சியிலும் 31-ஐத் தாண்டவில்லை, மார்கழியில் 24-க்குக் கீழே போகவில்லை. சிலந்திக்கு அது போதும். தாத்தா பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்து கட்டியபோது டாரன்டுலாவை மனத்தில் வைத்திருக்க மாட்டார், ஆனாலும் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். ஹீட் மேட்டை மார்கழியில் இட்லி மாவுச் சட்டிக்கு அடியில் வைக்கிறேன். நன்றாகப் பொங்குகிறது.

ஈரப்பதமானி முதல் நாள் 99 காட்டியது. இன்றும் 99. மாடியில் வடகம் காய்கிற இடத்தில் வைத்தேன், அங்கேயும் 99. பெட்டிக்குள் மண்ணுக்குப் பதிலாகப் போடும் தேங்காய் நார்த் தூளில், அதாவது கோகோ பீட்டில், விரலை விட்டுப் பார்ப்பதே போதும்.

மண்டையோட்டு வடிவ பிளாஸ்டிக் குகையைப் பற்றி ஆத்தா சொன்னதே விமர்சனம்: "வீட்டுக்குள்ள மண்டை ஓட்டைக் கொண்டாந்து வைக்கிறியேத்தா, வெளங்குமா?" எனக்குச் சகுனம் பிரச்சினை இல்லை. கண் துளை ஓரங்கள் பிளேடு மாதிரி இருந்தன, தண்ணீர் பட்டதும் சாயம் கையில் ஒட்டியது. கூரை மாற்றியபோது கழித்துப் போட்ட நாட்டு ஓடு கொல்லையில் குவிந்து கிடந்தது. அதில் ஒன்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பாதி புதைத்து வைத்தேன். அரை வட்ட வளைவு, உள்ளே இருட்டு, எப்போதும் குளிர்ச்சி. அன்றிரவே சுருட்டை உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு அளவெடுத்துச் செய்தது போலிருக்கிறது.

தண்ணீர்க் கிண்ணத்தில் ஸ்பாஞ்ச் வைத்திருந்தார்கள். எதற்கு? சிலந்தி திறந்த தண்ணீரில் வாயை வைத்துக் குடிக்கும். ஸ்பாஞ்ச் அழுகி நாற்றம் எடுப்பதைத் தவிர வேறு வேலை செய்யாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடையில் 60 ரூபாய்க்குச் சின்னப் பீங்கான் கிண்ணம் ஒன்று கிடைத்தது, ஓரத்தில் நீலப் பூ. யார் வீட்டு ஆச்சி ஊறுகாய் வைத்ததோ. கோகோ பீட் கட்டி மட்டும் குறை சொல்லும்படி இல்லை, ஆனால் அளவு பத்தவே பத்தாது. தோட்டக் கடையில் 5 கிலோ கட்டி வாங்கி, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போட்டேன். உரம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள்.

பெட்டிக்கு மாற்று தேடிப் போனதுதான் இந்தக் கதையில் நல்ல பகுதி. காரைக்குடியில் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் ஒரு கடையில் அளவு எழுதிக் கொடுத்தேன். நீளம் 45, அகலம் 30, உயரம் 30, 5 மில்லிமீட்டர் கண்ணாடி, மேலே நகர்த்தும் மூடி, இரு பக்கமும் கண்ணாடிக்குப் பதில் துளையிட்ட அக்ரிலிக் பட்டை. கடைக்காரர், "அக்வாரியத்துக்கு யாராவது ஓட்டை போடுவாங்களா ஆச்சி?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பயப்படவில்லை. ஒரு நிமிடம் யோசித்து, "அப்ப துளை அது தலை நுழையாத அளவுக்கு இருக்கணும்" என்று அவரே 3 மில்லிமீட்டர் பிட்டால் போட்டார். மூடிக்குச் சின்னக் கொண்டியும் அவர் யோசனைதான், அதில் நான் பூட்டு போட்டிருக்கிறேன். மொத்தம் 1,650 ரூபாய். "மூணு நாள் திறந்து வைங்க, சிலிகான்லேர்ந்து வினிகர் வாடை முழுசாப் போனப்புறம் விடுங்க" என்றும் சொன்னார். 4,250 ரூபாய் வாங்கியவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே 15 சென்டிமீட்டருக்குக் கோகோ பீட் நிரப்பினேன். மூடிக்கும் மண்ணுக்கும் இடையே இன்னொரு 15. இப்போது ஏறி விழுந்தாலும் மெத்தை.

கிட்டின் கையேடு வாய் திறக்காத எதிரி எறும்பு. சட்டி சட்டியாகப் பலகாரம் செய்கிற வீட்டில் எறும்புக்கு என்ன குறை. மருந்துச் சாக்கட்டியால் கோடு போட முடியாது, எறும்பைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். பெட்டியை ஒரு பழைய முக்காலியில் வைத்து, மூன்று காலுக்கும் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்தேன். அந்தக் காலத்தில் பால் அலமாரிக்குச் செய்த அதே வேலை. தண்ணீர் வற்றாமல் பார்ப்பது ஆத்தாவின் பொறுப்பு. 84 வயதில் இதை ஒரு நாளும் மறந்ததில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் கொசு மருந்து. சுருள், லிக்விட், ஸ்பிரே எல்லாமே பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. சிலந்திக்கும் அதே கதிதான். இது வந்த நாளிலிருந்து அந்தக் கட்டு முழுவதும் கொசுவலைக்கு மாறிவிட்டோம். தெருவில் கொசுப்புகை வண்டிச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கதவு சன்னலைச் சாத்துகிறேன். லிக்விட் இல்லாமல் எங்களால் தூங்க முடியாது என்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

சாப்பாடு ஒரு செலவே இல்லை. கிட்டோடு வந்த கூப்பனில் ஒரு டப்பா கரப்பான் இலவசம் என்றிருந்தது. வைகாசி வெயிலில் மூன்று நாள் கூரியரில் வந்து, திறந்தபோது எல்லாம் செத்திருந்தன. பிறகு காரைக்குடி அக்வாரியம் கடையில் அரவானா மீனுக்கு வைத்திருக்கும் சூப்பர்வர்ம் வாங்கி, பிஸ்கட் டின்னில் கோதுமைத் தவிடு போட்டு வளர்க்கிறேன். ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு. கூட்டமாக இருக்கும்வரை இந்தப் புழு கூட்டுப்புழுவாக மாறாது, தனியாகப் பிரித்தால்தான் மாறும். வகுப்பில் சொல்லிக் காட்ட இந்த உதாரணம் அப்போது கிடைக்கவில்லையே என்று இன்றும் வருத்தம். சுவர்க்கோழியும் வளர்த்துப் பார்த்தேன். ஆண் சுவர்க்கோழிகள் ராத்திரி முழுக்க வளவு அதிரக் கத்தியதில் ஆத்தா மூன்றாம் நாளே தடை போட்டுவிட்டார். பத்து நாளைக்கு ஒரு புழு, சில சமயம் இரண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த இடுக்கி.

போன ஆண்டு தை பிறந்ததும் சுருட்டை சாப்பிடுவதை நிறுத்தியது. வயிற்றில் மயிர் உதிர்ந்திருந்த வழுக்கை இடம் கருத்து வந்தது. தோலுரிக்கப் போகிறது என்று தெரியும். தெரிந்தும், ஒன்பதாவது வாரம் மனசு கேட்காமல் ஒரு புழுவைப் போட்டேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் செய்கிற வேலையா? சுருட்டை தொடவில்லை. புழு மண்ணுக்குள் புகுந்துவிட்டது. கிளறித் தேடியும் கிடைக்கவில்லை, செத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் அதிகாலை, கோலம் போடப் போகும் முன் எட்டிப் பார்த்தால், ஓட்டுக்கு வெளியே தான் நெய்த வெள்ளை விரிப்பின்மேல் மல்லாக்கக் கிடக்கிறது. பின்னால் வந்த ஆத்தா, "போச்சா? கொல்லையிலே குழி தோண்டச் சொல்லவா?" என்றார். போகவில்லை. டாரன்டுலா தோலுரிப்பது மல்லாந்துதான். சாகும் சிலந்தி குப்புறவே கிடந்து காலை உள்ளுக்குச் சுருட்டும். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் புழு. பழைய தோலிலிருந்து வெளியே வருகிற சிலந்தி பஞ்சு மாதிரி இருக்கும், விஷப்பல்கூட வெள்ளையாக மெத்தென்று இருக்கும். சூப்பர்வர்மின் தாடையோ கேரட்டைக் கடிக்கிற தாடை. மண்ணைக் கிளறினால் சிலந்தி அதிரும், பாதியில் நின்றால் உயிருக்கே ஆபத்து. கிளறாவிட்டால் புழு. முக்காலிக்கு எதிரே மனையைப் போட்டு இடுக்கியோடு உட்கார்ந்துவிட்டேன். கோலம் அக்கா போட்டார், காபி அங்கேயே வந்தது. எட்டு மணி சுமாருக்கு, சிலந்தியிலிருந்து நாலு விரல் தள்ளி, கோகோ பீட் லேசாக அசைந்தது. பழுப்புத் தலை வெளியே வந்தது. இடுக்கி நீளமாக இருந்ததால் மூடியை இரண்டு அங்குலம் மட்டும் நகர்த்தி, பெட்டியைத் தொடாமல் எடுக்க முடிந்தது. குட்டையான இடுக்கி என்றால் கை உள்ளே போயிருக்கும். இந்த ஒரு காரியத்துக்காக கிட்டுக்கு ஒரு நட்சத்திரம்.

மதியத்துக்குள் சுருட்டை புதுத் தோலில் கருகருவென்று வெளியே வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து, பல் கருத்துக் கெட்டியானதைப் பார்த்த பிறகே இரை போட்டேன். உரித்த தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்து லென்ஸில் பார்த்ததில், ஆணின் விந்தைப் பெண் சேமித்து வைக்கும் பை தெரிந்தது. பெண். ஆண் என்றால் முதிர்ந்த பின் அதிக நாள் இருக்காது. பெண் இருபது ஆண்டுக்கு மேலும் இருக்கும். துபாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப ரெண்டு வருஷம்னு சொன்னதை..." என்று இழுத்தான்.

சாது என்று விற்கிறார்களே, உண்மையா? உண்மைதான். ஒன்றரை ஆண்டில் ஒரு முறைகூடப் பல்லைக் காட்டவில்லை. கடித்தாலும் குளவி கொட்டின மாதிரிதான் இருக்கும் என்பார்கள். ஆனால் சாது என்றால் கையில் எடுத்துக் கொஞ்சலாம் என்று அர்த்தமில்லை. மிரண்டால் பின்னங்காலால் வயிற்று மயிரை உதறும். பெட்டியைச் சுத்தம் செய்தபோது என் முழங்கையில் பட்டு இரண்டு நாள் அரிப்பு. செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தபின்தான் குறைந்தது. கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும், அதனால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறப்பதில்லை. போன முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் நாற்பது பேர் வந்தபோது அறையையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிள்ளைகளை நாலு நாலு பேராகக் கூட்டிப்போய்க் காட்டினேன். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இது பொம்மையா?" என்று கேட்டதுகள். நியாயமான கேள்வி. ஓடும், ஆடும், பெயர் சொன்னால் வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு, அது ஓட்டை விட்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வெளியே வருவதைக் காத்திருந்து பார்க்கப் பொறுமை இருந்தால் வாங்கலாம்.

ஆத்தா முதல் மாதம் அந்த அறை வாசலைத் தாண்டவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு மேலே வலை கட்டிய சிலந்தியையும், அது மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டியதையும் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முக்காலிக் கிண்ணத்துக்குத் தண்ணீர் அவர்தான்.

ஆக மதிப்பெண்: கிட்டுக்கு ஐந்துக்கு ஒன்று, இடுக்கிக்காக. காரைக்குடி கண்ணாடிக் கடைக்கு ஐந்து. நாட்டு ஓடு, பீங்கான் கிண்ணம், 5 கிலோ கோகோ பீட், தனியாக வாங்கிய ஓர் இடுக்கி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்க்குள் முடிகிற காரியம் இது.

எட்டாவது பொருளைச் சொல்லாமல் விட்டேன்: சிவப்பு பல்பு. ராத்திரி சிலந்தியைப் பார்க்கவாம். அது திருகு வகை, எங்கள் வீட்டு ஹோல்டர்கள் எல்லாம் பின் வகை. சாமி வீட்டில் போட்டால் நன்றாக இருக்கும் என்று ஆத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார். எலக்ட்ரீசியன் அடாப்டருக்கு 40 ரூபாய் சொல்கிறார். இந்த கிட்டுக்கு இன்னும் 40 ரூபாய் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.